ஸ்கேன் நார்மல் என்றால் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்றுதானே அர்த்தம்?

கேள்வி: 2025 ஜூன் 3, இரவு 9.20

என் தங்கைக்கு 22 வயது. எட்டாவது படிக்கும்போதிலிருந்தே மாதவிலக்கு நாட்களில் சுருண்டு படுத்துவிடுவாள். இப்போது அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் உயிர் போகிற வலி என்கிறாள். இரண்டு இடங்களில் ஸ்கேன் எடுத்தோம். இரண்டிலும் நார்மல். ஆனாலும் டாக்டர் எண்டோமெட்ரியோசிஸாக (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோயாம்) இருக்கலாம், லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்துவிடலாம் என்கிறார். ஸ்கேனில் இல்லாத ஒன்றை வயிற்றில் துளை போட்டுத் தேடுவது எதற்கு? இரண்டு ஸ்கேனும் பொய்யா? அம்மா பயந்துபோய் இருக்கிறார். பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 11.15

பட்டவள் சொல்கிறேன். இரண்டு ஸ்கேனும் எப்படி எடுத்தார்கள்? ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, சிறுநீர் முட்டியதும் அடிவயிற்றில் ஜெல் தடவிப் பார்த்தார்களா? அப்படியென்றால் அந்த 'நார்மல்' என்ற சொல்லுக்கு இந்த விஷயத்தில் மதிப்பு மிகக் குறைவு. பெரிய கட்டி எதுவும் இல்லை, கர்ப்பப்பை அளவு சரியாக இருக்கிறது, அந்த அளவுக்குத்தான் அதை எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பப்பைக்குப் பின்னால் குடலை ஒட்டி இருப்பது வயிற்றின் மேலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது.

மலம் கழிக்கும்போது வலி, அதுவும் மாதவிலக்கு நாட்களில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை டாக்டரிடம் சொன்னீர்களா? ரிப்போர்ட்டை விட அது முக்கியம்.

எம்ஆர்ஐ எடுங்கள். அதில் தெரிந்துவிடும்.

ஜூன் 4, காலை 6.10

நேற்று தூக்கம் வரவில்லை. உங்கள் கேள்வியில் என் 19 வயது அப்படியே இருக்கிறது.

பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. அப்பாதான் ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனார். 'கருவின் பாலினம் கண்டறிதல் தண்டனைக்குரிய குற்றம்' என்ற பலகைக்குக் கீழே கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெயர் எழுதியவர் நிமிர்ந்து பார்க்காமலே "எத்தனை மாசம்?" என்றார். அப்பா தரையைப் பார்த்தார். உள்ளே நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. 'கர்ப்பப்பை, இரு ஓவரிகள் இயல்பு.' அப்பா அந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்தார். அதற்குப் பிறகு எட்டரை வருஷம், நான் வலி என்று சொன்ன ஒவ்வொரு மாதமும் அந்தத் தாள் வீட்டில் சாட்சி சொன்னது. ஸ்கேனிலேயே ஒன்றும் இல்லை, இவளுக்குத் தாங்கும் சக்தி இல்லை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்.

இந்தத் தாமதம் நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பிரிட்டனில் எண்டோமெட்ரியோசிஸ் யுகே என்ற அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், முதன்முதலில் டாக்டரைப் பார்த்ததிலிருந்து நோய் உறுதியாக சராசரியாக 8 வருஷம் 10 மாதம் ஆகிறது என்று இருந்தது. என் எட்டரை வருஷத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்தது அந்த ஒரு தாள்தான்.

ஜூன் 4, இரவு 10.30

ஸ்கேன் எவ்வளவு சரி என்று எண்கள் கேட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, பள்ளியில் கணக்கு டீச்சர். எண்களைப் பற்றிச் சொல்ல முடியும்.

இதைப் பற்றிய பெரிய தொகுப்பு, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்டது. 49 ஆய்வுகள், 4,807 பெண்கள். ஸ்கேன் என்ன சொன்னது, பிறகு ஆபரேஷனில் திறந்து பார்த்தபோது என்ன இருந்தது, இரண்டையும் ஒப்பிட்டவை. பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் (டிவிஎஸ் என்று சீட்டில் எழுதுவார்கள்), இடுப்புக்குழியில் எந்த வகை எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் அதைப் பிடிக்கிறதா என்று பார்த்ததில், நோய் உள்ள 100 பேரில் 65 பேரைப் பிடித்தது. நோய் இல்லாத 100 பேரில் 95 பேருக்குச் சரியாக 'இல்லை' என்றது.

இதை இப்படி வைத்துப் பாருங்கள். 200 பெண்கள். பாதிப் பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் 'இருக்கிறது' என்று சொல்வது 65 + 5 = 70 பேருக்கு. அதில் 65 சரி. அதாவது 'இருக்கிறது' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்று சொல்வது 95 + 35 = 130 பேருக்கு. அந்த 130 பேரில் 35 பேருக்கு நோய் இருக்கிறது! நாலில் ஒருவருக்கு மேல். எங்கள் பீரோவில் இருந்த தாள் அந்த 130இல் சேரக்கூடச் சேராது. இது உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனுடைய கணக்கு. எனக்கும் உங்கள் தங்கைக்கும் எடுத்தது அதைவிடக் குறைவாகக் காட்டுகிற வயிற்று ஸ்கேன்.

ஜூன் 5, காலை 7.00

முதல் குறிப்பில் "எம்ஆர்ஐ எடுங்கள், தெரிந்துவிடும்" என்று எழுதியது தவறு. அதே தொகுப்பில் எம்ஆர்ஐக்கு என்ன இருக்கிறது என்று மறுபடி பார்த்தேன். நோய் உள்ள 100 பேரில் 79 பேரைப் பிடிக்கிறது. ஆனால் நோய் இல்லாத 100 பேரில் 72 பேருக்குத்தான் 'இல்லை' என்கிறது. மீதி 28 பேருக்கு வீண் பயம். தவறவிடுவது குறைகிறது, பொய் எச்சரிக்கை கூடுகிறது. அறுவை சிகிச்சைக்கு மாற்றாக நிற்கும் தகுதி மொத்த நோய் என்று எடுத்தால் இரண்டுக்குமே இல்லை என்பதுதான் அந்தத் தொகுப்பின் முடிவு.

ஜூன் 7, இரவு 9.45

"எனக்கும் நீர்க்கட்டி இருக்கிறது, அப்படியானால் எனக்கும் இதுதானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் குழப்பம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் தினமும் நடக்கிறது. பிசிஓடி என்று சொல்லும் நீர்க்கட்டி வேறு. அது ஓவரியில் சின்னச் சின்னதாக நிறைய முட்டைப்பைகள் வளராமல் நிற்பது. சாக்லேட் கட்டி எண்டோமெட்ரியோசிஸ் ஓவரியில் வந்து தங்குவதால் உண்டாவது. பழைய ரத்தம் உள்ளே தேங்கி, கெட்டியாகி, உருக்கிய சாக்லேட் போலப் பழுப்பாக இருக்கும். அமெரிக்காவில் ஆல்பனியில் இருந்த ஜான் சாம்ப்சன் 1921இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. நூறு வருஷமாக நிற்கிற பெயர்.

ஸ்கேன் நன்றாகப் பிடிப்பது இந்த சாக்லேட் கட்டியைத்தான். காக்ரேன் கணக்கில் டிவிஎஸ் 100க்கு 93ஐப் பிடிக்கிறது. இல்லாதவர்களில் 96 பேருக்குச் சரியாக இல்லை என்கிறது. எம்ஆர்ஐ 95, 91. ஸ்கேன் திரையில் கட்டிக்குள் உரசிய கண்ணாடி மாதிரி ஒரே சீரான சாம்பல் மூட்டம் தெரியும். எம்ஆர்ஐயில் டி1 என்ற வகைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். கொழுப்பை மறைத்து எடுக்கும் படத்திலும் வெள்ளை போகாது. டெர்மாய்டு என்ற, கொழுப்பு அடங்கிய வேறு வகைக் கட்டியாக இருந்தால் அதில் கறுத்துவிடும். எனக்கு இதைப் படத்தில் விரல் வைத்துக் காட்டினார்கள். பத்து வருஷ வலிக்கு முதன்முதலாக ஒரு உருவம் கிடைத்த நாள் அது. அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

ஜூன் 8, மாலை 4.20

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. என் கதையை முழுதாக எழுதிவிடுகிறேன். ஸ்கேன் எவ்வளவு சரி என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே நேரடிச் சாட்சி என் உடம்புதான்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை என்றதும் முதல் தடவையாக உள்ளே வைத்து ஸ்கேன் பார்த்தார்கள். இடது ஓவரியில் 4.6 செ.மீ. சாக்லேட் கட்டி. அதைப் பார்த்துவிட்டு எம்ஆர்ஐ. எம்ஆர்ஐயில் இரண்டு ஓவரிகளும் கர்ப்பப்பைக்குப் பின்னால் இழுக்கப்பட்டு ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. கிஸ்ஸிங் ஓவரிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க இனிமையான பெயர். சிறுநீர்ப்பையில் கொஞ்சம் தடிப்பு, அதுவும் நோயாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. குடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் மலம் கழிக்கும்போதைய வலியைச் சொன்னதும், ஆபரேஷன் செய்யவேண்டியவர் தேதி தரவில்லை. எண்டோமெட்ரியோசிஸுக்கென்றே ஸ்கேன் பார்க்கும் இன்னொரு மருத்துவரிடம் அனுப்பினார். அந்த ஸ்கேன் முக்கால் மணி நேரம். முதல் ஐந்து நிமிஷம் அவர் கருவியைத் தொடவே இல்லை, எங்கே வலிக்கும், எப்போது வலிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் கருவியால் மெதுவாக அழுத்தி, வெளியே வயிற்றின் மேல் இன்னொரு கையை வைத்து அசைத்து, திரையைப் பார்க்கச் சொன்னார். சாதாரணமாக மலக்குடல் கர்ப்பப்பையின் பின்சுவர் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமாம். ஸ்லைடிங் சைன் என்பது இதுதான். எனக்கு இரண்டும் ஒன்றாக நகர்ந்தன, ஒட்டிய சப்பாத்தி மாதிரி. மலக்குடலின் முன்சுவரில் 2 செ.மீ. அளவில் ஒரு முடிச்சு.

பழைய எம்ஆர்ஐ சிடியை அவரிடம் கொடுத்தேன். அதே முடிச்சு அதிலும் இருந்தது. படத்தில் இருந்தது, ரிப்போர்ட்டில் இல்லை. எம்ஆர்ஐக்கு அனுப்பிய சீட்டில் 'இடது ஓவரி கட்டி' என்று மட்டும் எழுதியிருந்ததால், படித்தவர் கட்டியைப் படித்துவிட்டு முடித்துவிட்டார்.

ஆபரேஷனில் என்ன இருந்தது? கட்டி இருந்தது. முடிச்சு இருந்தது, சொன்ன இடத்தில், சொன்ன அளவில். முன்கூட்டியே தெரிந்ததால் குடல் அறுவை நிபுணரும் அன்று தியேட்டரில் இருந்தார். தெரியாமல் திறந்திருந்தால் மூடிவிட்டு இன்னொரு நாள் மறுபடி திறந்திருக்க வேண்டும். எம்ஆர்ஐ சந்தேகப்பட்ட சிறுநீர்ப்பைத் தடிப்பில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. வலது பக்கச் சுவரில் பெரிடோனியம் என்ற வயிற்றின் உள்சவ்வின் மேல் மிளகு தூவிய மாதிரி கரும்புள்ளிகள் இருந்தன. அதை மூன்று படங்களில் எதுவுமே சொல்லவில்லை. பயாப்சியில் அதுவும் எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று வந்தது.

ஜூன் 8, இரவு 8.00

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஸ்கேன்தான் உயர்த்தி, எம்ஆர்ஐ மட்டம் என்று தொனிக்கிறது. அப்படிச் சொல்ல வரவில்லை. குடல், தசைநார் போன்றவற்றுக்குள் ஆழமாகப் புகும் வகைக்கு காக்ரேன் கணக்கில் எம்ஆர்ஐ 100க்கு 94ஐப் பிடிக்கிறது, டிவிஎஸ் 79. பொய் எச்சரிக்கை குறைவு என்ற வகையில் டிவிஎஸ் மேல்: இல்லாதவர்களில் 94 பேருக்குச் சரியாகச் சொல்கிறது, எம்ஆர்ஐ 77.

இடத்துக்கு இடமும் மாறும். 2015, 2016இல் வந்த தொகுப்பாய்வுகளில், டிவிஎஸ் மலக்குடல்-பெருங்குடல் பகுதியில் 100க்கு 91ஐப் பிடிக்கிறது. கர்ப்பப்பையைப் பின்னால் திருவெலும்போடு கட்டும் தசைநார்களில் (யுட்ரோசேக்ரல் என்பார்கள்) 53தான். அதே கருவி, அதே ஆள், சில சென்டிமீட்டர் தள்ளினால் கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறது. எனக்கு முடிச்சு நல்ல இடத்தில் இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஜூன் 9, இரவு 10.05

கேள்வி கேட்ட அண்ணன் பதில் போட்டிருக்கிறார். இரண்டுமே வயிற்று ஸ்கேன்தான். "தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் உள்ளே வைத்துப் பார்க்கும் பேச்சே எழவில்லை."

எதிர்பார்த்தேன். இதைப் பற்றி நான் வெளிப்படையாகப் பேசப்போகிறேன். நம் ஊர் ஸ்கேன் அறைகளில் முதல் கேள்வி 'கல்யாணம் ஆயிடுச்சா?' ஆகவில்லை என்றால் வயிற்று ஸ்கேனோடு முடிந்தது. ஆய்வுகளில் இருக்கும் 65, 79, 93 எல்லாமே உள்ளே வைத்துப் பார்த்த ஸ்கேனின் எண்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த எண்களில் பங்கே இல்லை. இந்த நோயோ கல்யாணம் வரை காத்திருப்பதில்லை. பலருக்குப் பதின்வயதிலேயே வலி ஆரம்பித்துவிடுகிறது. எனக்கு 19 வயதில் கிடைத்த தாளுக்கும் 28 வயதில் கிடைத்த படத்துக்கும் நடுவில் மருத்துவம் ஒன்றும் அப்படி வளர்ந்துவிடவில்லை. என் கழுத்தில் தாலி ஏறியிருந்தது, அந்த ஒரு வித்தியாசம்தான்.

உங்கள் தங்கைக்கு 22 வயது. எந்த ஸ்கேன் வேண்டும், வேண்டாம் என்பதை அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அம்மாவிடமோ உங்களிடமோ அல்ல. வேண்டாம் என்றால் அதுவும் சரி, வழி இருக்கிறது. அதே கருவியை மலவாய் வழியாக வைத்துப் பார்க்கலாம். அல்லது எம்ஆர்ஐ. இந்த இடத்தில், பொய் எச்சரிக்கை கூடுதல் என்று நானே எழுதிய பிறகும், எம்ஆர்ஐக்கு ஓட்டுப் போடுகிறேன்.

ஜூன் 10, காலை 6.40

தாலி என்று நேற்று எழுதியது சிலருக்கு உறுத்தியிருக்கிறது. மாற்ற மாட்டேன். நடந்தது அதுதான்.

ஜூன் 15, மாலை 5.30

"அப்படியானால் துளை போட்டுப் பார்ப்பதுதானே உறுதி, எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள்" என்று ஒருவர். "லேப்ராஸ்கோப்பியே தேவையில்லை, ஐரோப்பாவில் நிறுத்திவிட்டார்கள்" என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நிறுத்தவில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் (ஈஷ்ரே) 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில், நோயை உறுதிசெய்ய லேப்ராஸ்கோப்பிதான் பொன் அளவுகோல் என்ற பழைய நிலையைக் கைவிட்டது. படங்களில் ஒன்றும் தெரியாதவர்களுக்கு, அல்லது மருந்து கொடுத்துப் பார்த்தும் பலன் இல்லாதவர்களுக்கு, மருந்து ஒத்துவராதவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி என்றது. அதே வழிகாட்டி, படம் இயல்பாக வந்தால் நோய் இல்லை என்று ஆகாது, குறிப்பாக மேலோட்டமான புள்ளிகள் விஷயத்தில், என்றும் சொல்கிறது. உங்கள் டாக்டர் சொன்னது இந்த வகையில் நியாயமானதுதான். நான் அவசரப்பட்டு அவரைச் சந்தேகப்படவைத்திருந்தால் மன்னிக்கவும். ஆனால் அவருக்குக் கிடைத்தது வயிற்று ஸ்கேன் மட்டும். துளை போடுவதற்கு முன் நல்ல படம் ஒன்று எடுக்கலாமே என்று கேட்பதில் தவறில்லை.

லேப்ராஸ்கோப்பியும் கண்ணால் பார்ப்பதுதான். 2004இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அறுவையாளரின் கண் பார்த்ததைத் திசு ஆய்வோடு ஒப்பிட்டது. 100க்கு 94ஐக் கண் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 79 பேருக்குத்தான் 'இல்லை' என்றது. காக்ரேன் வைத்திருந்த அளவுகோலும் இந்த 94, 79தான். அளக்கும் கோலே முழு நீளம் இல்லை. ஸ்கேன் தவறு, ஆபரேஷன் சரி என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் இது நினைவில் இருக்க வேண்டும்.

என் 130க்கு 35 கணக்கையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். அந்த 65 என்ற எண்ணின் நம்பக எல்லை, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு, 27இலிருந்து 100 வரை அகலமானது. ஆய்வுக்கு ஆய்வு அவ்வளவு மாறியிருக்கிறது. அப்புறம், அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெண்கள். 'பாதிப் பேருக்கு நோய்' என்று நான் வைத்துக்கொண்டது கணக்குச் சொல்லிக்கொடுக்கத்தான். வகுப்பில் இதை எடுக்கும்போது பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். இங்கே சொல்லாமல் விட்டது என் பிழை.

இன்னொன்று. மேலோட்டமான புள்ளிகளை ஆபரேஷனில் எடுத்தால் வலி குறைகிறதா என்பதே இன்னும் தீரவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகம் தலைமையில் அதற்கென்றே பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். என் மிளகுப் புள்ளிகளை எடுத்தார்கள். என் வலி குறைந்தது முடிச்சை எடுத்ததாலா, புள்ளிகளை எடுத்ததாலா? எனக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஜூன் 16, இரவு 9.00

சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று எழுத மறந்தது. ஆழமான வகை சிறுநீர்க்குழாயை நெரித்தால் சிறுநீரகம் வலியே இல்லாமல் வீங்கி, மெதுவாகக் கெட்டுப்போகலாம். இதற்கு வயிற்று ஸ்கேனே போதும், இரண்டு நிமிஷ வேலை.

ஜூன் 29, காலை 11.20

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும். நான் இவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு யாராவது பயந்து ஆபரேஷன் மேஜைக்கு ஓடிவிடக் கூடாது.

என் கூட வேலை பார்க்கும் தமிழ் டீச்சர், 31 வயது. திடீர் வலி, ஸ்கேனில் 3.8 செ.மீ. கட்டி, 'சாக்லேட் கட்டியாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டார்கள். அவர் என்னிடம் வந்தார். நான் என் அனுபவத்தை எல்லாம் கொட்டினேன். இரண்டு நாள் சாப்பிடவில்லையாம், பிறகு அவர் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அவருடைய டாக்டர் ஆபரேஷன் பேச்சை எடுக்காமல் ஆறு வாரம் கழித்து, மாதவிலக்கு முடிந்ததும் மறுபடி ஸ்கேன் என்றார். கட்டி காணோம். கருமுட்டை வெளிவந்த இடத்தில் ரத்தம் கசிந்து தேங்கியது, தானே வற்றிவிட்டது. முதல் சில நாட்களில் அது சாக்லேட் கட்டி மாதிரியே தெரியலாம். இப்படி எத்தனையோ பேருக்கு நடக்கிறது.

ஓவரியில் கை வைக்கும் ஆபரேஷன் முட்டை இருப்பைக் குறைக்கக்கூடும். எனக்கு ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்தார்கள், குறைந்திருந்தது. வீணாக அதை யாரும் இழக்கக் கூடாது. அந்த டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதற்கு மேல் சொல்லக் கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

ஜூன் 29, மதியம் 2.00

சிஏ-125 ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டவருக்கு: எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே ஈஷ்ரே வழிகாட்டி. பல காரணங்களால் கூடும், நோய் இருந்தும் கூடாமல் இருக்கும். சிடி ஸ்கேன் பற்றி: இதற்கு அது ஏற்றதில்லை.

ஜூலை 12, இரவு 8.30

எம்ஆர்ஐ தேதி வாங்கிவிட்டோம் என்று அண்ணன் எழுதியிருக்கிறார். நல்லது. முதலில் சீட்டைப் பாருங்கள். 'அடிவயிற்று வலி' என்று மட்டும் இருந்தால் திரும்பப் போய், ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், மாதவிலக்கில் மலம் கழிக்கும்போது வலி என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். என் சிடியில் இருந்த முடிச்சு ரிப்போர்ட்டில் வராமல் போனது இந்த ஒரு வரி இல்லாததால்தான். சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள், குடல் அசையாமல் இருக்க ஊசி ஒன்று போடுவார்கள். குடல் அசைந்தால் படம் கலங்கிவிடும். சிறுநீர்ப்பை பாதி நிறைந்திருந்தால் போதும், முட்ட முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை. சத்தம் பயங்கரமாக இருக்கும், காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ தருவார்கள். சிடியைக் கேட்டு வாங்குங்கள், தாள் மட்டும் போதாது.

2016இல் ஐடியா என்ற பன்னாட்டு நிபுணர் குழு ஸ்கேனை நாலு படியாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு முறை வகுத்தது: முதலில் கர்ப்பப்பையும் ஓவரிகளும்; அடுத்து எங்கே தொட்டால் வலி, ஓவரி நகர்கிறதா என்பது; மூன்றாவது ஸ்லைடிங் சைன்; பிறகு முன்னும் பின்னும் முடிச்சுகள். பின்னால் எப்போதாவது உள்ளே வைத்தோ மலவாய் வழியாகவோ ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், ஸ்லைடிங் சைன் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகத்தில் தெரியும், இதற்கென்று பார்ப்பவரா இல்லையா என்று.

ஜூலை 26, இரவு 10.50

ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: இரண்டு ஓவரியும் இயல்பு, சாக்லேட் கட்டி இல்லை. இடது யுட்ரோசேக்ரல் தசைநார் தடித்து, முடிச்சு மாதிரி. மலக்குடலில் ஒன்றும் காணப்படவில்லை. சிறுநீர்க்குழாய்கள், சிறுநீரகங்கள் சரி.

வயிற்று ஸ்கேன் இரண்டு தடவை 'இயல்பு' என்றது ஏன் என்று இப்போது பாருங்கள். ஓவரி உண்மையாகவே இயல்பு. கர்ப்பப்பையும் இயல்பு. அந்த ஸ்கேன் பார்த்த இடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தடிப்பு பின்னால், ஒரு தசைநாரில்.

கூடவே இதையும் சொல்ல வேண்டும்: எம்ஆர்ஐயின் பொய் எச்சரிக்கைக் கணக்கில் இதுவும் விழலாம். என் சிறுநீர்ப்பைத் தடிப்பு அப்படித்தான் விழுந்தது. ஆனால் தங்கையின் வலி இருக்கும் இடமும் படம் காட்டும் இடமும் ஒத்துப்போகின்றன. படத்தைத் தனியாகவும் வலியைத் தனியாகவும் வைத்துப் பார்த்தால் இரண்டும் பலவீனம். சேர்த்துவைத்தால் கனம் கூடுகிறது.

ஜூலை 27, காலை 7.15

அம்மா அழுதார் என்று எழுதியிருந்தீர்கள். பத்து வருஷமாக நடிக்கிறாள் என்று நினைத்துவிட்டேனே என்று. அவரிடம் சொல்லுங்கள், என் அப்பாவும் ஒரு நாள் பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி நான்தான் போய்ச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 2, இரவு 9.10

இன்று தங்கையே எழுதியிருக்கிறார், அண்ணன் கணக்கிலிருந்து. டாக்டர் லேப்ராஸ்கோப்பியைத் தள்ளிவைத்து, டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் பார்க்கலாம் என்றாராம். "படத்தில் தெரிந்த பிறகும் எடுக்காமல் விடலாமா அக்கா?" என்பது கேள்வி.

விடலாம், ம்மா. குடல் நெரியவில்லை, சிறுநீர்க்குழாய் நெரியவில்லை என்று அதே படம் சொல்லியிருக்கிறது. அவசரம் இல்லை என்று தெரிந்துகொள்ளவும் அந்தப் படம் உதவியிருக்கிறது. மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதம் திட்டுத் திட்டாக ரத்தம் படலாம், அது நிறையப் பேருக்கு வரும். மனசு ரொம்பச் சோர்ந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல். தினமும் ஒரு வரி எழுதி வை: வலி பத்துக்கு எத்தனை, மலம் போகும்போது உண்டா இல்லையா. மூன்றாம் மாதம் டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எம்ஆர்ஐ சிடியையும் எடுத்துப்போ. உள்ளே போகும்போது அண்ணனை வெளியே உட்காரச் சொல்.